லேணமும் பள்ளியும்: ஜுன்னர்த் துறவியர் உறைவிடச் சொற்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

மகாராட்டிர மாநிலம் புணே மாவட்டத்துச் சிரூர் வட்டத்தில் உள்ள ரஞ்சன்காவ், அட்ட விநாயகத் தலங்கள் எட்டனுள் வழிபாட்டு வரிசையில் இறுதியாக எண்ணப்படும் ஊராகும். மோர்காவில் தொடங்கிச் சித்தடேக், பாலி, மகாட், தேஊர், லேண்யாத்ரி, ஓஜர் எனச் சென்று, ரஞ்சன்காவில் எட்டாம் வழிபாட்டை முடித்து, மீண்டும் மோர்காவிற்கு வந்து வலத்தை நிறைவு செய்தல் மரபு. முன்னாளில் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பல நாள் எடுத்துக்கொண்ட இச்செலவு, இன்று பேருந்தில் இரு பகலும் ஓரிரவுமாகச் சுருங்கியுள்ளது. அவ்வோரிரவைப் பலர் லேண்யாத்ரி, ஓஜர், ரஞ்சன்காவ் ஆகிய ஊர்களில் ஒன்றன் பக்த நிவாசத்தில் கழிக்கின்றனர்.

எட்டுத் தலங்களுள் மலைமேல் அமைந்தது லேண்யாத்ரி ஒன்றே. ஜுன்னர் நகருக்கு வடக்கே, குகடி ஆற்றின் மறுகரையில், செங்குத்தான பாறை முகத்தில் முப்பது குடைவுகள் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. 283 படிகள் ஏறி அடையும் ஏழாம் குடைவில் கிரிஜாத்மஜர் என்னும் பெயருடன் விநாயகர் எழுந்தருளியுள்ளார். அக்குடைவு பௌத்தத் துறவியர் உறைவதற்காக ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட ஒரு விகாரை. அதன் மண்டபத்தில் சற்றே இளைப்பாறித் திரும்பும் பயணி, தாம் வந்தது கோயிலுக்கு என்றே அறிவார். வந்து செல்வோர் தங்குவதற்கென்றே எழுந்த ஓர் இல்லத்திற்கு வந்ததை அறியார். இவ்வறியாமைக்குப் பயணியைக் குறை கூறுவதற்கில்லை. அவர் கையிலுள்ள சொல் அதனை அவருக்கு உணர்த்தவில்லை என்பதே உண்மை. 'குகை' என்றும் 'குகைக் கோயில்' என்றும் தமிழில் வழங்கும் பெயர்ப்புகள் எவ்வாறு வந்தன, மூலக் கல்வெட்டுகள் அவ்விடங்களை எச்சொற்களால் சுட்டின, அச்சொற்களுக்குத் தமிழில் நேராக நிற்கத்தக்கவை எவை என்பன மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ளத்தக்கவை.

லேண என்னும் சொல்

ஜுன்னரைச் சுற்றிய மலைகளில் துளஜா, மான்மோடி, சிவனேரி, லேண்யாத்ரி முதலிய தொகுதிகளாக நூற்றெண்பதுக்கு மேற்பட்ட குடைவுகள் உள்ளன. ஒரே ஊரைச் சூழ்ந்து இத்துணைப் பெருந்தொகையாக அமைந்தவை இந்தியாவில் வேறு இடங்களில் அரிது. இவற்றின் கல்வெட்டுகளைக் கர்னல் சைக்ஸ் 1837இல் இராயல் ஆசியக் கழக இதழில் வெளியிட்டபோது பௌத்தக் 'குகைகள்' என்றே குறித்தார். 1880இல் பெர்குசனும் பர்ஜெஸும் இணைந்து எழுதிய பெருநூலின் தலைப்பு இவற்றைக் 'குகைக் கோயில்கள்' ஆக்கியது. பகவான்லால் இந்திரஜியுடன் பர்ஜெஸ் 1881இல் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதியும் அப்பெயரையே ஏற்றது. தமிழ் வழக்கு இந்த ஆங்கிலத் தலைப்புகளின் வழிவந்ததேயன்றிக் கல்வெட்டுகளின் வழிவந்ததன்று. தலைப்பில் அமைந்த இரு சொற்களும் பொருந்தாதவை: பெரும்பாலானவை கோயில்கள் அல்ல, எவையும் இயற்கைக் குகைகள் அல்ல.

கல்வெட்டுகள் இவற்றை 'லேண' என்கின்றன. பாலி மொழியிலும் இச்சொல் உண்டு. வடமொழியில் இதன் வடிவம் 'லயன'. ஒட்டுதல், ஒடுங்குதல், மறைதல் ஆகிய பொருள்களைத் தரும் 'லீ' என்னும் வேரிலிருந்து பிறந்தது. ஆகவே இச்சொல்லின் அடிப்பொருள் ஒடுங்குமிடம், புகலிடம் என்பதாம். பாறை, இருள், துளை என்னும் கூறுகள் எதுவும் அச்சொல்லில் இல்லை.

இதற்குத் தெளிவான சான்று பாலி வினயபிடகத்தின் சுல்லவக்கத்தில் உள்ளது. துறவியர் தங்குதற்குரிய லேணங்கள் ஐந்து என அங்கு வகுக்கப்படுகின்றன: விகார, அட்டயோக, பாசாத, ஹம்மிய, குஹா. இவற்றுள் ஹம்மியம் என்பது வடமொழி ஹர்மியமாய்த் தமிழில் 'அரமியம்' என வந்து வழங்கிய சொல்லே. இப்பட்டியலில் குகை ஐந்தாவதாக, ஒரு வகையாக மட்டுமே நிற்கிறது. லேணம் இனம், குகை அவ்வினத்துள் ஓர் உட்பிரிவு. 'லேண' என வருமிடமெல்லாம் 'குகை' என்று பெயர்ப்பது, 'மரம்' என்ற சொல் வருமிடமெல்லாம் 'வேம்பு' என்று பெயர்ப்பது போன்றதாகும்.

இலங்கைச் சான்று இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. அங்குள்ள தொல்பிராமிக் கல்வெட்டுகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை 'லேண' என்னும் சொல்லாலேயே கொடைப்பொருளைக் குறிக்கின்றன. இன்றைய சிங்களத்திலும் 'லென' என அது வாழ்கிறது. ஆனால் அவை வெட்டப்பட்ட மண்டபங்கள் அல்ல. மழைநீர் உள்ளே வழியாதவாறு நெற்றியில் புருவம்போல் வரிவெட்டி, துறவியர் உறைவதற்கேற்பச் செப்பனிட்ட இயற்கைப் பாறைக் கவிகைகள். கருவிகொண்டு குடைந்த ஜுன்னர் மண்டபமும், தானே அமைந்த இலங்கைக் கவிகையும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டன எனின், அச்சொல் வடிவத்தை நோக்கிப் பிறந்ததன்று, பயனை நோக்கிப் பிறந்தது என்பது பெறப்படும்.

மராத்தியில் இச்சொல் 'லேணே' என நின்றது. லேண்யாத்ரி என்னும் ஊர்ப்பெயர் இம்மராத்திச் சொல்லுடன் 'அத்ரி' என்னும் வடசொல்லைப் புணர்த்தி ஆக்கப்பட்டது. 'லேண மலை' என்பது பொருள். மராத்தியில் அணிகலனைக் குறிக்கும் 'லேணே' என்னும் சொல்லும் ஒலியால் இதனோடு ஒத்திருப்பதால், மலை அணிந்த அணிகலன்களே இக்குடைவுகள் என்னும் நயவுரை அப்பகுதியில் வழங்குகிறது. அழகிய விளக்கமே, சொல்லாராய்ச்சிக்கு அது உதவாது.

கப்பமும் கருவறையும்

ஏழாம் குடைவு ஜுன்னர் விகாரைகளுள் மிகப் பெரியது. நடுவே தூணற்ற அகன்ற கூடம். இடப்புறம் ஏழும் வலப்புறம் ஏழும் பின்சுவரில் ஆறுமாக இருபது சிற்றறைகள். ஒவ்வொன்றும் ஒரு துறவி படுத்தெழ இடம் தருவது. மேற்கு இந்தியக் கல்வெட்டுகள் இச்சிற்றறையைக் 'கப்ப' என்கின்றன; வடமொழி 'கர்ப்ப' என்பதன் பிராகிருத வடிவம் இது. ஜுன்னரின் ஒரு கல்வெட்டு, தானிய வணிகர் குழு அளித்த ஏழு அறை இருக்கையை 'சதகப்ப' எனச் சுட்டுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இங்கு ஓர் இடர் உண்டு. 'கர்ப்ப' எனக் கண்டதும் கருவறை என்னும் சொல் நாவில் வந்து நிற்கும். கோயிற்கலை நூல்களில் பயின்ற கைக்கு அது இயல்பே. ஆயின் துறவியின் படுக்கையறையைக் கருவறை என எழுதுவது பொருளைத் தலைகீழாக்கும். ஏழு கருவறைகளை ஒரு கூல வணிகர் குழு ஏன் கொடுத்தது என்று படிப்பவர் திகைப்பார்.

எனினும் லேண்யாத்ரியில் வரலாறே இம்மொழிபெயர்ப்பைச் செய்துள்ளது என்பது சுவையானது. பின்சுவரின் நடுவிலிருந்த இரு சிற்றறைகள் இணைக்கப்பட்டு, அவ்விடத்தே பாறையில் அமைந்த விநாயக வடிவம் வழிபடப்பட்டு வருகிறது. துறவி உறங்கிய கப்பம் தெய்வம் உறையும் கர்ப்பமாயிற்று. முதற்பொருளில் கருவறை என்பது பிழை. பிற்பொருளில் அதுவே சரி. ஒரே கட்டடத்தை விளக்கும்போதும் எந்த நூற்றாண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

முதற்பொருளுக்குத் தமிழில் 'அறை' என்னும் சொல் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. அது இன்று வீட்டின் உட்பிரிவைக் குறிப்பினும், பழைய வழக்கில் பாறை என்னும் பொருளும் உடையது; திருவெள்ளறை என்னும் ஊர்ப்பெயரில் அப்பொருள் நிலைத்திருக்கிறது. பாறையும் உறைவிடமும் ஒரே சொல்லில் அடங்குவது லேணக் கப்பத்திற்கு வேறு எம்மொழியிலும் எளிதிற் கிட்டாத வாய்ப்பு.

கொடையாளரும் கொடைப்பொருளும்

ஏழாம் குடைவை அடுத்துள்ள ஆறாம் குடைவு சைத்தியம். உள்ளே தூண் வரிசைகளும் கடைக்கோடியில் கல்லில் வடித்த தூபியும் அமைந்த வழிபாட்டுக் கூடம். இதனைக் 'சேதியகர' எனக் கல்வெட்டு கூறுகிறது. கொடையாளர் கலியாண நகரைச் சேர்ந்த சுலசதத்தர். அவர் 'ஹேரணிக'ரின் மகன். ஹேரணிக என்பதை இயற்பெயராகக் கொள்வாரும் தொழிற்பெயராகக் கொள்வாரும் உளர். தொழிற்பெயராயின் பொற்கொல்லரா, பொன் வாணிகரா, கருவூலத்தாரா என்னும் வினா அடுத்து எழும். இதற்குக் கரூரையடுத்த புகலூர்த் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒரு துணை தருகிறது. அங்குச் சமணத் துறவியர்க்கு 'அதிட்டானம்' அளித்த நத்தி என்பவர் கருவூர்ப் 'பொன்வாணிகன்' எனக் கூறப்படுகிறார். இரு சமயம், இரு மொழி, இடையே பல நூறு கல் தொலைவு. ஆயினும் பொன்னோடு தொடர்புடைய நகர மாந்தர் மலைமேல் துறவியர்க்கு இடம் அமைத்துத் தரும் செயல் ஒன்றே. 'பொன்வாணிகர்' என்னும் பெயர்ப்பு அகச்சான்றாகாது எனினும், காலத்தோடு ஒட்டிய தமிழ்ச்சொல் என்னும் சிறப்புடையது.

கலியாணம் மேற்குக் கடற்கரைத் துறைமுகம். அங்கிருந்து சகியாத்ரி மலையேறி ஜுன்னரை அடையும் வழி நாணேகாட் கணவாய். சாதவாகன அரசி நாகனிகையின் வேள்விகளை விரிக்கும் புகழ்பெற்ற கல்வெட்டு அக்கணவாய்த் தலைப்பில் உள்ளது. அவ்வழியே வந்தவருள் யவனரும் இருந்தனர். ஜுன்னர்க் கல்வெட்டுகளில் யவனக் கொடையாளர் மூவர் தோன்றுகின்றனர்: மான்மோடியில் சைத்தியத்தின் முகப்பை அளித்த சந்தர், சிவனேரியில் துறவியர் சங்கத்திற்கு உணவுக் கூடம் அளித்த சிதர், நீர்நிலைகள் இரண்டை அளித்த இரிலர். பின்னிருவரும் தம்மைக் 'கத'ர் எனக் கூறிக்கொள்கின்றனர். இதனைக் கொண்டு ஸ்டென் கோனோ, இவர்கள் ஐரோப்பியக் கோத்தியர் எனக் கருதி 1912இல் எழுதினார். ஒலியொப்புமை ஒன்றையே பற்றி எழுந்த அம்முடிபை ஏற்போர் இன்று மிகச் சிலரே. யவனர் என்பதைக் 'கிரேக்கர்' எனப் பெயர்க்கும் வழக்கமும் இத்தகைய மிகையே. தமிழில் அச்சொல் சங்க காலம் தொட்டு வழங்குவது. அதனைப் பெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. சிதர், சந்தர் என்னும் பெயர்களைத் தாங்கிய இம்மாந்தரை வேற்றினத்தவராக உறுதிப்படுத்தும் பொறுப்பை மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளாதிருப்பது நன்று.

உணவுக் கூடத்தைக் கல்வெட்டு 'போஜனமடப' என்கிறது. தங்குவோருக்கு உணவிடம் வேண்டும். உணவுக்கு முன் நீர் வேண்டும். நீர்நிலைக்கு வரும் சொல் 'போடி' என்பது. டகரம் மூச்சொலியுடன் கூடியது. தமிழெழுத்தில் அவ்வேறுபாடு மறைந்து, வாசகர் முகம் சுளிக்கும் ஒரு விளியாகக் காட்சியளிப்பது எழுத்துப்பெயர்ப்பின் அவப்பேறு. பாறையில் சதுர வாய் திறந்து, உள்ளே அகலமாகக் குடைந்து, மழைநீரைத் தேக்கிவைக்கும் கல்நிலை அது. நகபானன் என்னும் சகரவேந்தனின் அமைச்சர் அயமர், நாற்பத்தாறாம் ஆண்டில் ஒரு போடியும் ஒரு மண்டபமும் அளித்ததை மான்மோடிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அவ்வாண்டைச் சக ஆண்டாகக் கொள்வோர் கணக்கில் அது கி.பி. 124 ஆகும்.

நகபானனின் மருமகன் உஷவதாதன் நாசிக்கின் பத்தாம் குடைவில் பொறித்த கல்வெட்டு, வடமொழியைப் பெரிதும் தழுவிய நடையில் அமைந்தது. அந்நடையிலும், தான் எடுப்பித்தவற்றைச் சொல்ல நேரும்போது லேணம், போடி என்னும் பிராகிருதச் சொற்களையே அது ஆள்கிறது. சமயத் தொழிற்சொற்களாக அவை அத்துணை வேரூன்றியிருந்தன. வடமொழி வடிவம் தேடி எழுதினால் படிப்பவருக்கு விளங்காது என எழுதியவர் அறிந்திருந்தார் போலும். தமிழில் போடிக்குச் 'சுனை' ஓரளவு நெருங்கும். ஆயினும் சுனை இயல்பாய் ஊறுவது; போடி வெட்டித் தேக்குவது. 'நீர்த்தொட்டி' என்பது செயற்கையைக் காட்டினாலும் இக்கால வீட்டு மாடியை நினைவூட்டும். 'கற்சுனை' என்னும் தொடர் ஏற்கத்தக்கது எனத் தோன்றுகிறது.

வந்தோரும் வாராதோரும்

இவ்விருக்கைகள் யாருக்கு உரியன? இலங்கைக் கல்வெட்டுகள் இதற்கு ஒரு வாய்பாட்டால் விடையளிக்கின்றன: நான்கு திசையினின்றும் வந்துள்ள, இனி வரவிருக்கும் சங்கத்திற்கு. 'ஆகத அநாகத சாதுதிச சங்க' என்பது அத்தொடர். நாசிக், கார்லே ஆகிய இடங்களின் கல்வெட்டுகளிலும் நாற்றிசைச் சங்கமே கொடை பெறுகிறது. இதனை 'உலகளாவிய துறவியர் அமைப்பு' எனப் பெயர்த்திருப்பது பொருளை ஒரு புறமாகச் சாய்த்துவிடுகிறது. வாய்பாட்டின் கருத்து உலகளாவிய தன்மை அன்று, உரிமை. இன்று இங்கு இருப்பவருக்கு மட்டும் இவ்விடம் சொந்தமன்று; நாளை வந்து கதவைத் தட்டும் அயலூர்த் துறவிக்கும் அதே உரிமை உண்டு. அவர் விருந்தினர் அல்லர், உடன் உரிமையாளர்.

வினய நூல் இதற்கேற்பத் துறவியரை மூவகைப்படுத்தி ஒழுக்கம் வகுக்கிறது. வருபவர் 'ஆகந்துக', உறைபவர் 'ஆவாசிக', புறப்படுபவர் 'கமிக'. வருபவர் காலணியைக் கழற்றித் தூசி தட்டி, குடையை மடக்கி, நீர் எது என்றும் தமக்குரிய படுக்கை எது என்றும் கேட்டறிய வேண்டும்; உறைபவர் மூத்தவராய் வந்தவரை எழுந்து எதிர்கொண்டு, இருக்கையும் கால் கழுவ நீரும் தர வேண்டும்; புறப்படுபவர் மரப்பொருள்களையும் மட்கலங்களையும் ஒழுங்குபடுத்தி, கதவையும் பலகணியையும் அடைத்துவிட்டுச் சொல்லிச் செல்ல வேண்டும். இன்றைய தங்கும் விடுதியின் சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகை இதைவிட நுணுக்கமானதன்று. 'ஆகந்துகர்' என்பதைத் தமிழில் 'விருந்தினர்' எனலாமா? விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமையாதலின், புதிதாய் வந்தவர் என்னும் அளவில் பொருந்தும். இன்றைய பொருளில், வீட்டுக்காரர் ஒருவர் இருக்க அவர் தயவில் தங்குபவர் என்பதாகிப் பொருந்தாது. 'வந்த துறவி' என நேராகச் சொல்வதே இடர் தராதது.

தங்கலுக்குக் காலமும் உண்டு. மழைக்காலம் மூன்று மாதம் துறவியர் ஓரிடத்தே தங்கியிருக்க வேண்டும் என்பது விதி. சகியாத்ரியின் மழை ஆனித் திங்களில் தொடங்கிப் புரட்டாசி வரை கொட்டுவது. அக்காலத்தில் ஜுன்னர்க் குன்றுகளில் நடந்து செல்லுதல் இன்றும் எளிதன்று. உஷவதாதன் மற்றொரு நாசிக் கல்வெட்டில், மழைத்தங்கல் மேற்கொள்ளும் துறவியர்க்கு உடை முதலியன வழங்க மூவாயிரம் காகபணங்களை அறக்கட்டளையாக வைக்கிறான். அதில் இரண்டாயிரம் ஒரு நெசவாளர் குழுவிடம் நூற்றுக்கு மாதம் ஒன்று வட்டிக்கும், ஆயிரம் மற்றொரு நெசவாளர் குழுவிடம் முக்கால் வட்டிக்கும் ஒப்படைக்கப்பட்டன. முதற்றொகையின் ஆண்டு வட்டி 240. இருபது துறவியர்க்குத் தலைக்குப் பன்னிரண்டு என்னும் கல்வெட்டுக் கணக்கோடு அது சரியாகப் பொருந்துகிறது. முதல் தொடப்படாது; வட்டி மட்டுமே நுகரப்படும் என்னும் குறிப்பும் உண்டு. தமிழகக் கோயிற் கல்வெட்டுகளில் 'பொலியூட்டு' என வழங்கும் ஏற்பாட்டின் பழைய உருவம் இதுவெனலாம். அச்சொல்லையே இங்கு ஆளுதல் தகும். முன்னர்க் கூறிய நாசிக் கல்வெட்டின்படி அவனே பரோச், தசபுரம், கோவர்த்தனம், சோப்பாரா ஆகிய இடங்களில் நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த தங்குமனைகளையும் எடுப்பித்தான். அவற்றிற்கு வரும் 'பிரதிசிரய' என்னும் சொல் லேணத்தோடு தொடர்பற்றது. அடைக்கலம், தங்கல் என்னும் பொருளது. துறவியர் உறைவதையும் வழிப்போக்கர் தங்குவதையும் அக்கல்வெட்டு சொல்லளவிலேயே பிரித்துக் காட்டுகிறது.

பள்ளி

தமிழகத்தில் இதே காலத்தை ஒட்டிய குன்றிருக்கைகள் பெரும்பாலும் சமணர்க்கு உரியன. மதுரையை அடுத்த மாங்குளக் கல்வெட்டில் கணிநந்தருக்கு அமைக்கப்பட்ட இருக்கை 'பளி' எனப்படுகிறது. புள்ளி வழக்கூன்றாத காலத்து எழுத்துமுறையில் அது பள்ளியே. கொடை 'தம்மம்' எனப்படுகிறது. மேற்கு இந்தியக் கல்வெட்டுகளின் 'தேயதம்ம' என்பதன் பின்பாதி அது. கொடையாளருள் வெள்ளறை 'நிகம'த்தாரும் உளர். நிகமம் என்னும் பிராகிருதச் சொல் வணிகர் குழுவைச் சுட்டியவாறே தமிழுக்குள் வந்துள்ளது. புகலூரில் 'உறை' என்னும் சொல்லும், சித்தன்னவாசலில் 'அதிட்டானம்' என்னும் சொல்லும் காணப்படுகின்றன. கடன் வாங்கிய சொற்கள் கொடை, குழு, தங்குமிடத்தின் முறைப்பெயர் ஆகியவற்றுக்கே. உறைதலைக் குறிக்கத் தமிழ் தன் சொற்களையே வைத்துக்கொண்டது.

பள்ளி என்பது படுக்கை, உறக்கம், உறைவிடம் என்னும் பொருள்களை உடையது. பள்ளிகொள்ளல், பள்ளியறை என்பவற்றில் அவை நிற்கின்றன. துறவியர் படுக்குமிடம் துறவியர் இருக்கையாகி, அங்குக் கற்பிக்கப்பட்டதால் கல்விக்கூடமாகி, பிற்காலத்தில் இசுலாமியர் தொழுமிடத்திற்கும் கேரளத்தில் கிறித்தவர் தொழுமிடத்திற்கும் பெயராயிற்று. லேணத்திற்குப் பொருளளவில் மிக நெருங்கிய தமிழ்ச்சொல் இதுவே. இரண்டும் வடிவத்தைச் சொல்லாமல் பயனைச் சொல்வன. இரண்டும் ஒடுங்குதல், கிடத்தல் என்னும் உடற்செயலிலிருந்து எழுந்தன. இன்றைய வாசகர் பள்ளி எனில் மாணவரையே நினைப்பர் என்னும் மறுப்பு நியாயமானதே. 'துறவியர் பள்ளி' என அடை கொடுப்பதால் அது நீங்கும். 'மடம்' என்பது சைவ, வைணவ நிறுவன மரபையும் தலைமை வழிமுறையையும் உடன் கொணர்வதால் ஜுன்னருக்கு ஏற்றதன்று.

ஏரிக்கரை

இன்று ஜுன்னருக்கு வரும் பயணி, குன்றிருக்கைகளோடு பரந்த நீர்ப்பரப்புகளையும் காண்கிறார். ஓஜர்க் கோயிலருகே ஏட்காவ் அணையின் நீர் விரிந்து கிடக்கிறது. அங்குப் படகும் விடப்படுகிறது. ஜுன்னருக்கு மேற்கே மாணிக்டோ அணையின் சகாஜி சாகர். ஏரிகளையும் விகாரைகளையும் ஒரே பயணத்தில் சேர்த்துப் பார்ப்பவர்க்கு, அமைதி நாடிய துறவியர் ஏரிக்கரைகளைத் தேர்ந்தனர் என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பு. அவ்வேரிகள் குகடிப் பாசனத் திட்டத்தின் அணைகளால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றியவை. விகாரைகள் எழுந்த காலத்தில் கீழே ஓடியது ஆறு. மேலே இருந்தவை போடிகள். துறவியர் தேர்ந்தது வாணிக வழியின் அருகாமையையும் அதற்குச் சற்று விலகிய உயரத்தையும். நீரைத் தாமே கல்லில் சேர்த்துக்கொண்டனர். மாணிக்டோ என்னும் பெயரே அணைக்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது. மராத்தியில் 'டோ' என்பது ஆற்றுப் படுகையின் ஆழ்ந்த நீர், தமிழில் மடு. மடு ஏரிக்குள் அமிழ்ந்துவிட்டது, பெயர் மிதக்கிறது.

ஏரிக்கரைப் பள்ளி என்னும் தொடர் உண்மையாகவே பொருந்தும் இடம் தமிழ்க் கல்வெட்டுலகில் உண்டு. திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தை அடுத்துள்ள வெல்கம் விகாரை, சோழர் ஆட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. பரணவிதானவின் காலத்தில், 1953இல், அங்கு நடைபெற்ற அகழ்வில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் கால்நடையும் வைத்த தமிழ்க் கொடையாளரை அவை காட்டுகின்றன. அண்மைக் காலம் வரை சுற்றுப்புறத் தமிழர் அவ்விடத்தை நாதனார் கோயில் என்றனர். விகாரை, பள்ளி, கோயில் என மூன்று சொல்லும் ஓரிடத்தின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்தன. நாகப்பட்டினத்துப் பெரும்பள்ளியை ஆனைமங்கலச் செப்பேடு 'சூளாமணிபன்ம விகாரத்துப் பள்ளி' என விகாரத்தையும் பள்ளியையும் அருகருகே வைத்துச் சொல்கிறது. இத்தொடரில் விகாரம் முழு வளாகமாகவும் பள்ளி அதனுள் வழிபாட்டுக்குரியதாகவும் பிரிந்து நிற்பதாகக் கொள்ளலாம். மாங்குளத்தின் பளிக்கும் நாகப்பட்டினத்தின் பள்ளிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. லேண்யாத்ரியில் கப்பம் கண்ட மாற்றத்தையே தமிழில் பள்ளியும் கண்டுள்ளது. ஆகவே துறவியர் பள்ளி என்னும் பெயர்ப்பைப் பழங்காலப் பகுதிக்கு வரையறுத்து ஆளவேண்டும்.

ராஞ்சண்

இறுதியாக ரஞ்சன்காவ் என்னும் பெயரெழுத்து குறித்துச் சில சொல்ல வேண்டும். மராத்தியில் இவ்வூர்ப்பெயரின் முதலுயிர் நெடில். இடையில் வருவது டண்ணகரம். 'ராஞ்சண்காவ்' என்பதே ஒலிக்கு நேரானது. ஆங்கில எழுத்தின் வழியே தமிழுக்கு வந்ததால் நெடிலும் டண்ணகரமும் இழந்து, 'ரஞ்சனம்' என்னும் வடசொல்லோடு மயங்கும் வடிவம் நிலைபெற்றுவிட்டது. இவ்விரு ஒலிகளையும் தமிழெழுத்து குறைவின்றிக் காட்டவல்லது என்பதால் இவ்விழப்பு தேவையற்றதே.

மராத்தியில் 'ராஞ்சண்' என்பது பெரிய நீர்ச்சாடி. தமிழ்நாட்டுக் குதிரைத் தொட்டியையும் தாழியையும் நினைவூட்டும் அகன்ற மட்கலம். நாணேகாட் கணவாயின் தலைப்பில் நிற்கும் பெரிய கற்சாடிக்கும் அதுவே பெயர். வணிகர் சுங்கக் காசு இட்டது அச்சாடியில் என மக்கள் கூறுவர். அக்கணவாய்க்கு அருகே தோன்றும் குகடி, ஜுன்னரைக் கடந்து, ஏட்காவ் நீர்த்தேக்கத்தினூடே சென்று, நிகோஜ் என்னும் ஊரை அடைகிறது. அங்கு ஆற்றுநீரும் கூழாங்கற்களும் சுழன்று சுழன்று படுகைப் பாறையில் சாடி வடிவக் குழிகளைத் துளைத்துள்ளன. அவற்றை மராத்தியர் 'ராஞ்சண்களகே' என்கின்றனர். சாடிக்குழிகள் என்பது பொருள். மனிதர் செய்த மட்சாடி, கணவாயில் செதுக்கிய கற்சாடி, ஆறு குடைந்த பாறைச்சாடி ஆகிய மூன்றும் ஒரே சொல்லைப் பெற்றுள்ளன. மனிதர் குடைந்த இல்லத்திற்கும் இயற்கை தந்த கவிகைக்கும் லேணம் என்னும் ஒரு சொல் வழங்கியதை இது ஒத்தது. நிகோஜுக்கு அண்மையில் உள்ள ரஞ்சன்காவின் பெயரும் இச்சொல்லோடு வடிவில் ஒன்றுகிறது. ஊர்ப்பெயர் வரலாறாக இதனைக் கொள்ள வடிவ ஒற்றுமை மட்டும் போதாது. பழைய ஆவண வடிவங்கள் கொண்டே அதனைத் துணியவேண்டும். எழுத்துப்பெயர்ப்பில் நெடிலையும் டண்ணகரத்தையும் காத்துக்கொண்டால் அவ்வினாவேனும் வாசகர் கண்ணில் படும்.